மானிய ஸ்கூட்டரா, கட்டணமில்லாப் பேருந்தா?

2018 ஜனவரியில் தமிழ்நாட்டில் பேருந்துக் கட்டணம் ஒரேயடியாக ஏறியது. போராட்டம் வெடித்ததும் கொஞ்சம் குறைத்தார்கள். அடுத்த மாதமே, பிப்ரவரி 24 அன்று, வேலைக்குப் போகும் பெண்களுக்கான அம்மா இருசக்கர வாகனத் திட்டம் தொடங்கியது. பேருந்தின் விலையை ஏற்றிய அதே அரசு ஸ்கூட்டரின் விலையை இறக்கியது. 2021 மே மாதம் ஆட்சி மாறியதும் திசையும் மாறியது: சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்கு டிக்கெட் காசு இல்லை என்றானது. வேலைக்குப் போய்த் திரும்புவது என்ற ஒரே தேவைக்கு அரசே காட்டிய இரண்டு வழிகள் இவை.

ஸ்கூட்டருக்குக் கிடைத்த மானியம் விலையில் பாதி, அதிகபட்சம் 25,000 ரூபாய். மீதிப் பணத்தைப் புரட்ட வேண்டியிருந்தது, அல்லது தவணை கட்ட வேண்டியிருந்தது. விண்ணப்பிக்கவே ஓட்டுநர் உரிமமோ எல்.எல்.ஆரோ வேண்டும் என்றதும் ஆர்.டி.ஓ. அலுவலகங்களில் பெண்கள் கூட்டம் கூட்டமாக நின்றது நினைவிருக்கும். அதற்கப்புறம் பெட்ரோல். தினமும் 20 கிலோமீட்டர், லிட்டருக்கு 40 கிலோமீட்டர், லிட்டர் 100 ரூபாய் என்று வைத்தால், 25 நாளுக்கு 1,250 ரூபாய். தவணை, இன்சூரன்ஸ், சர்வீஸ் எல்லாம் தனி. சென்னையின் ஓரத்தில் குடிசைவாசிகளை மறுகுடியமர்த்திய கண்ணகி நகரிலிருந்தோ பெரும்பாக்கத்திலிருந்தோ வீட்டுவேலைக்குப் போகும் ஒருவருக்கு இது கட்டுப்படியாகாது. மானியம் உண்மையில் போய்ச் சேர்ந்தது, மீதியைக் கட்ட வசதி இருந்தவர்களுக்குத்தான்.

பேருந்து அப்படியில்லை. விண்ணப்பம் இல்லை, வருமானச் சான்று இல்லை, வயது வரம்பு இல்லை. ஏறினால் போதும். மாதம் சராசரியாக 888 ரூபாய் மிச்சமாகிறது என்று மாநிலத் திட்டக் குழுவின் ஆய்வு சொன்னது. அந்தக் காசு வீட்டுச் செலவுக்கு வருகிறது. வேலை தேடுவதற்கும் ஆஸ்பத்திரிக்கும் அம்மா வீட்டுக்கும் யாரிடமும் காசு கேட்காமல் கிளம்ப முடிகிறது. இதை எவ்வளவு பெரிதாகச் சொன்னாலும் தகும்.

பாதுகாப்பிலும் பேருந்துதான் மேல். 2022இல் இந்தியச் சாலைகளில் இறந்த 1,68,491 பேரில் 44.5 சதவீதம் இருசக்கர வாகனத்தில் சென்றவர்கள். அரசு ஒரு வாகனத்தை மக்கள் கையில் கொடுக்கும்போது இந்த ஆபத்தையும் சேர்த்தே கொடுக்கிறது.

ஆனால் நேரம் என்று வந்தால் ஸ்கூட்டர் ஜெயிக்கிறது, அதுவும் சாதாரணமாக இல்லை. தியாகராய நகர் ஜவுளிக்கடையில் நிற்கும் பெண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். ஷட்டர் இறங்கி, கணக்கு முடித்து, வெளியே வரும்போது மணி பத்தைத் தொடும். ஸ்டாப்பில் வருவதெல்லாம் டீலக்ஸ். டிக்கெட் காசு இல்லாத வெள்ளைப் பலகை வண்டி எப்போது வரும் என்று தெரியாது. காசு கொடுத்து டீலக்ஸில் ஏறினால் இலவசத்தின் பயன் அங்கேயே போயிற்று. பெண்கள் மட்டும் நின்றால் ஓட்டுநர் நிறுத்தாமல் போகிறார் என்ற புகாரும் ஓயவில்லை. ஸ்கூட்டர் வைத்திருப்பவர் அந்நேரம் வீட்டில் சோறு போட்டுக்கொண்டிருப்பார். காலையிலும் பிள்ளையைப் பள்ளியில் இறக்கி, ரேஷன் அரிசியைக் காலடியில் வைத்து, ஒரே சுற்றில் வேலையை முடித்துவிடுவார். பேருந்தில் அது மூன்று ஏறி இறங்கல்.

பைக் டாக்ஸி இடையில் வரும் மூன்றாவது வழி. அவசரத்துக்கு உதவும்; தினசரிப் பயணத்துக்குக் கட்டணம் இடிக்கும்.

கையில் இருக்கும் பணம் இரண்டில் ஒன்றுக்குத்தான் போதும் என்றால் என் ஓட்டு பேருந்துக்கே. அதுவும் இரவு ஒன்பதிலிருந்து பதினொன்று வரை வெள்ளைப் பலகை வண்டிகளைக் கூட்டுவதற்கு. ஸ்கூட்டரை ஒதுக்கச் சொல்லவில்லை. பேருந்து எட்டாத ஊரிலிருந்து பேருந்து நிலையம் வரை வருவதற்கு அதுதான் வண்டி. அங்கே உள்ளாட்சி ஏலம் விட்ட ஸ்டாண்டில் தினமும் காசு கொடுத்து நிறுத்த வேண்டியிருக்கிறது. பயணம் இலவசம், வண்டியை விட்டுப் போவதற்குக் கட்டணம் என்பது சரியில்லை. நாளுக்குப் பத்து ரூபாய் என்று வைத்தாலும், ஒரு ஸ்கூட்டருக்குக் கொடுத்த 25,000 ரூபாயில் ஒரு பெண்ணுக்கு எட்டு வருட ஸ்டாண்டு கட்டணத்தை அரசே கட்டிவிடலாம்.