மலைப்பாதையில் ஆட்டோமேட்டிக் கார்: டி-யிலேயே விடலாமா, எம்-முக்கு மாற்ற வேண்டுமா?

ஆட்டோமேட்டிக் கார் வாங்கியவர்களில் பலர் லிவரை டி-யில் (டிரைவ், கியரைக் காரே மாற்றும் நிலை) போட்டதோடு கியர் என்ற ஒன்றையே மறந்துவிடுகிறார்கள். மறக்கத்தானே வாங்கினோம் என்பது அவர்கள் வாதம். சென்னைக்குள்ளும் நாற்கரச் சாலையிலும் அந்த வாதம் முழுக்கச் சரி. ஆனால் லிவர் பக்கத்தில் பிளஸ், மைனஸ் போட்டிருக்கும் எம் (மேனுவல், கியரை நாமே மாற்றும் நிலை) தடத்தையும், ஸ்டியரிங்குக்குப் பின்னால் விரலால் கியர் மாற்ற இருக்கும் பேடில் ஷிஃப்டரையும் வேகப் பிரியர்களின் சமாச்சாரம் என்று ஒதுக்குவதை என்னால் ஏற்க முடியவில்லை. அவற்றால் கிடைக்கும் பெரிய பலன் வேகம் கூட்டுவதில் இல்லை; மலையில் வேகத்தைப் பிடித்து வைப்பதில் இருக்கிறது.

டி-யில் கியரை முடிவு செய்யும் கம்ப்யூட்டருக்குத் தெரிந்தவை கொஞ்சம்தான்: ஆக்சிலரேட்டர் எவ்வளவு மிதிபட்டிருக்கிறது, வண்டி என்ன வேகத்தில் போகிறது, எஞ்சின் எத்தனை ஆர்பிஎம்-மில் சுற்றுகிறது. புதிய கார்கள் சிலவற்றில் சரிவை உணரும் வசதியும் உண்டு. ஆனால் அடுத்த 50 மீட்டரில் கொண்டை ஊசி வளைவு இருக்கிறது, அதற்கு மேல் பஸ் ஒன்று இறங்கிக்கொண்டிருக்கிறது என்பது ஓட்டுகிறவருக்குத்தான் தெரியும். அதைக் கியர்பாக்ஸுக்கு முன்கூட்டியே சொல்லும் வழிதான் எம்.

ஏற்றத்தில்

மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் ஏறும் சாலையில் 14 கொண்டை ஊசி வளைவுகள். வால்பாறைக்கு 40. கொல்லிமலைக்கு 70. இந்த வளைவுகளில் டி என்ன செய்யும் என்பதை ஏஎம்டி (சாதாரண மேனுவல் கியர்பாக்ஸின் கிளட்சையும் கியரையும் கம்ப்யூட்டரே இயக்கும் வகை) காரில் துல்லியமாகப் பார்க்கலாம். வளைவு நெருங்குகிறது, காலை எடுக்கிறீர்கள். கால் எடுபட்டதால் இழுவை தேவையில்லை என்று கணக்கிட்டு கியர்பாக்ஸ் மூன்றுக்குப் போகிறது. வளைவின் நடுவில், சாலை செங்குத்தாக நிமிரும் இடத்தில், மறுபடி மிதிக்கிறீர்கள். மூன்றில் இழுக்க முடியாது. கிளட்ச் விலகி, கியர் இரண்டுக்கு மாறி, கிளட்ச் மறுபடி சேர வேண்டும். அந்த இடைவெளியில் சக்கரத்துக்கு இழுவையே கிடையாது. வண்டி ஏறக்குறைய நின்றுவிடும், பின்னால் வருகிறவர் ஹாரன் அடிப்பார்.

எம்-மில் இரண்டைப் போட்டுவிட்டால் இந்தத் தடுமாற்றம் அத்தனையும் போய்விடும். காலை எடுத்தாலும் இரண்டுதான், மிதித்தாலும் இரண்டுதான். அதனால் ஏஎம்டி-க்கு ஏற்றத்தில் எம்-தான் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. டார்க் கன்வெர்ட்டர் (எஞ்சினின் இழுவையை எண்ணெய் வழியாகக் கடத்தும் வகை) கியர்பாக்ஸ் கியர் மாறும்போது இழுவையை முழுதாக விடாது; அதில் டி-யே பெரும்பாலும் போதும். பெல்ட்டில் ஓடும் வகையான சிவிடி-யில் உண்மையான கியர் படிகளே கிடையாது. எம்-மில் தெரியும் ஏழு படிகள் கம்ப்யூட்டர் காட்டும் பாவனைப் படிகள். ஏற்றத்துக்கு அதை டி-யிலோ எஸ்-ஸிலோ (ஸ்போர்ட்) விடுவதே நல்லது.

ஏஎம்டி-யும் டிசிடி-யும் (இரட்டைக் கிளட்ச் வகை) வைத்திருப்பவர்களுக்கு இன்னொன்று. ஏற்றத்தில் வண்டி நிற்கும்போது ஆக்சிலரேட்டரை லேசாக மிதித்தபடி பின்னுக்கு உருளாமல் பிடித்து நிற்காதீர்கள். உள்ளே கிளட்ச் தேய்ந்துகொண்டே இருக்கும். டி-யோ எம்-மோ, எதில் இருந்தாலும் இது ஒன்றுதான்: நின்றால் கால் பிரேக் அல்லது ஹேண்ட் பிரேக்.

இறக்கத்தில்

இங்கேதான் டி-க்கும் எம்-முக்கும் உள்ள வித்தியாசம் சௌகரியத்தைத் தாண்டி உயிர் விஷயமாகிறது.

ஊட்டி கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர் உயரம். மேட்டுப்பாளையம் 300 மீட்டர் சொச்சம். ஆட்களோடு 1,300 கிலோ எடையுள்ள கார் இந்த 1,900 மீட்டரை இறங்கும்போது விடுபடும் ஆற்றலைக் கணக்குப் போட்டால் சுமார் 24 மெகா ஜூல் வருகிறது. வீட்டு மின்சாரக் கணக்கில் ஆறே முக்கால் யூனிட். ஒன்றரை டன் ஏசி நாலு மணி நேரத்துக்கு மேல் ஓடத் தேவையான அளவு. டயரும் காற்றும் அதில் ஒரு பங்கை எடுத்துக்கொள்ளும். மீதியை எஞ்சின் தாங்க வேண்டும், அல்லது பிரேக் தாங்க வேண்டும். வேறு ஆள் இல்லை.

டி-யில் விட்டு இறங்கினால் என்ன ஆகும்? காலை எடுத்ததும் கியர்பாக்ஸ் மூன்று, நான்கு என்று மேலே போகும். மேல் கியரில் எஞ்சினின் தடுப்பு குறையும், வண்டி ஓட ஆரம்பிக்கும், கால் பிரேக்குக்குப் போகும். சரிவை உணரும் கார்கள், பிரேக்கைத் தொட்டதும் ஒரு கியர் கீழே இறங்கிக் கொஞ்சம் உதவும். அந்த வசதி இல்லாத காரில் பாரம் முழுவதும் டிஸ்க்கிலும் டிரம்மிலும் விழும். முதலில் கருகும் வாசனை வரும். அடுத்து மிதித்த அளவுக்குப் பிடிப்பு இருக்காது. சூடு பிரேக் ஆயிலுக்கு ஏறிவிட்டால் கதை முடிந்தது. புதிய டாட் 3 தர பிரேக் ஆயிலின் கொதிநிலை குறைந்தபட்சம் 205 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும், டாட் 4 என்றால் 230. ஆனால் பிரேக் ஆயில் ஈரத்தை உறிஞ்சும் குணமுள்ளது. ஈரம் ஏறிய ஆயிலுக்குத் தரக்கட்டுப்பாடு கேட்கும் அளவே 140-ம் 155-ம்தான். ஆயில் கொதித்தால் குழாய்க்குள் ஆவிக் குமிழ்கள் உருவாகும். ஆவி அமுங்கும், பெடல் தரை வரை போகும், வண்டி நிற்காது. மலைப்பாதை விபத்துச் செய்திகளில் “பிரேக் பிடிக்காததால்” என்று படிக்கிறோமே, அந்த வார்த்தைக்குப் பின்னால் பல சமயம் இருப்பது இதுதான்.

எம்-மில் இரண்டில் பிடித்து இறங்கினால் கதை வேறு. எஞ்சின் 3,000 ஆர்பிஎம்-முக்கு மேல் சுற்றும், இரைச்சல் கூடும். பலர் பயந்து மேல் கியருக்குப் போவது இந்தச் சத்தத்தால்தான். எஞ்சின் கெட்டுவிடுமோ, பெட்ரோல் குடிக்குமோ என்ற பயம். இரண்டும் வேண்டாம். கியரில் இருந்தபடி காலை எடுத்து இறங்கும்போது இன்றைய எஞ்சின்கள் எரிபொருளைத் தெளிப்பதையே நிறுத்திவிடும். சக்கரம்தான் எஞ்சினைச் சுற்ற வைக்கிறது. பெட்ரோல் மிச்சம் என்று நியூட்ரலில் இறங்குகிறவர்கள்தான் உண்மையில் பெட்ரோலைச் செலவழிக்கிறார்கள். நியூட்ரலில் எஞ்சின் அணையாமல் இருக்கக் கொஞ்சமாவது எரிய வேண்டும். எஞ்சினையே அணைத்துவிட்டு இறங்குவது இன்னும் மோசம். இரண்டு மூன்று முறை மிதித்ததும் பெடலை லேசாக்கும் பிரேக் பூஸ்டரின் உதவி தீர்ந்துவிடும், ஸ்டியரிங்கும் இறுகிவிடும்.

நீலகிரி மலைப்பாதைகளில் இரண்டாவது கியரில் இறங்கச் சொல்லும் எச்சரிக்கை ஆட்டோமேட்டிக் கார்களுக்கும்தான். அவசரத்தில் தவறான கியருக்கு இறக்கிவிடுவோமோ என்று கவலை வேண்டாம். எஞ்சின் எல்லை மீறிச் சுற்றும் என்றால் கம்ப்யூட்டர் அந்த மாற்றத்தை மறுத்துவிடும். அப்படி மறுத்தால் முதலில் பிரேக்கால் வேகத்தைக் குறைத்துவிட்டு மறுபடி கேளுங்கள். வளைவுக்குள் நுழைந்த பிறகு கியரை இறக்காதீர்கள், குறிப்பாக மழையில். முன் சக்கரங்கள் திடீரென்று இழுபட்டு வழுக்கலாம். நேர்ப் பகுதியிலேயே இறக்கிவிட்டு வளைவுக்குள் போக வேண்டும்.

ஒரு லிட்டர் மூன்று சிலிண்டர் டர்போ எஞ்சின் வைத்திருப்பவர்கள் இரண்டாவது கியரில்கூட வண்டி பிடிபடாமல் ஓடுவதாக உணரலாம். சின்ன எஞ்சினின் தடுப்பும் சின்னதுதான். செங்குத்தான இடங்களில் முதல் கியருக்கு இறங்கத் தயங்க வேண்டாம். அப்போதும் பிரேக் வேண்டியிருக்கும். அதை உரசிக்கொண்டே வராமல், அழுத்தமாகப் பிடித்து வேகத்தைக் குறைத்து, முழுதாக விடுங்கள். விட்ட நேரத்தில் டிஸ்க் ஆறும்.

எம் இல்லாத கார்களுக்கும் வழி உண்டு. மாருதியின் பழைய நாலு கியர் ஆட்டோமேட்டிக்கில் 2, எல் (லோ) என்ற நிலைகளும் ஓவர்டிரைவை (உச்ச கியரை) அணைக்கும் பட்டனும் இருந்தன. சில சிவிடி-களில் எஸ், எல் இருக்கும். இறக்கத்தில் எல் நன்றாகவே பிடிக்கும். டொயோட்டா ஹைரைடர் ஹைபிரிட் போன்றவற்றில் பி (B, பிரேக்கிங்) என்ற நிலை இருப்பது இதற்காகத்தான். மின்சாரக் காரில் கியரே கிடையாது, மோட்டார்தான் பிடித்துக்கொடுத்து பேட்டரியை ஏற்றுகிறது. அதனால் ஊட்டியில் தங்கும்போது 100 சதவீதம் சார்ஜ் ஏற்றிவிட்டு இறங்காதீர்கள். நிறைந்த பேட்டரியில் ஏற்ற இடமில்லாதபோது அந்தப் பிடிப்பு குறைந்துவிடும்.

ஓவர்டேக், டிராஃபிக்

இருவழிச் சாலையில் லாரியை ஓவர்டேக் செய்ய எம்-மே சிறந்தது என்று பலர் சொல்வார்கள். எனக்கு எஸ் போதும் என்றே தோன்றுகிறது. டி-யில் மிதித்தால் கியர் இறங்க ஒரு கணம் ஆகும், ஏஎம்டி-யில் அது நன்றாகவே தெரியும். எதிரே வண்டி வரும்போது அந்தக் கணம் பெரியது. ஆனால் எம்-மில் வேறு சிக்கல். மூன்றில் இழுத்துக்கொண்டிருக்கும்போது எஞ்சின் உச்சத்தைத் தொட்டுவிட்டால், கண் சாலையில் இருக்க வேண்டிய நேரத்தில் கை பிளஸைத் தேடும். எஸ் கீழ் கியரை முன்பே தயாராக வைத்துக்கொண்டு, மாற்றும் வேலையையும் தானே பார்க்கும். எஸ் இல்லாத ஏஎம்டி-யில் மட்டும், வெளியே எடுப்பதற்கு முன்பே ஒரு கியர் இறக்கிக்கொள்ளுங்கள்.

நகர டிராஃபிக்கில் டி-தான். விதிவிலக்கு, உலர் கிளட்ச் (எண்ணெயில் ஊறாத கிளட்ச்) டிசிடி. ஊர்ந்து போகும் வேகத்தில் அது ஒன்றுக்கும் இரண்டுக்கும் இடையில் அல்லாடும், இரண்டில் கிளட்ச் நழுவிச் சூடேறும். அங்கே எம்-மில் ஒன்றில் நிறுத்துவது உதவும். அதைவிடவும், முன் வண்டி கொஞ்சம் விலகும் வரை நின்றுவிட்டு, ஒரேயடியாக நகர்வது மேல்.

மலைக்குக் கிளம்புமுன் ஆளில்லாத சமவெளிச் சாலையில் எம்-மைப் பழகிக்கொள்ளுங்கள். லிவரை முன்னால் தள்ளினால் கியர் கூடுமா குறையுமா என்பது காருக்குக் கார் மாறும்; ஓடிக்கொண்டிருக்கும்போது டி-யிலிருந்து எம்-முக்கு மாற்ற நிறுத்த வேண்டியதில்லை என்பதும் அங்கே கைக்குப் பழகும். பெரும்பாலான ஏஎம்டி-களில் பார்க் (P) நிலை கிடையாது என்பதால், சரிவில் நிறுத்தும்போது கியரைப் போட்டபடியே எஞ்சினை அணைத்து ஹேண்ட் பிரேக்கை இழுத்துவிடுங்கள். மேல்நோக்கி நிற்கும் வண்டிக்கு ஒன்று, கீழ்நோக்கி நிற்கும் வண்டிக்கு ரிவர்ஸ்.