மாடு ஏற்றும் ட்ரெய்லர் செய்யக் கொடுக்கப்போகிறவர்கள் இதை வாசித்துவிட்டுப் போங்கள்

680,000 ரூபாய். ஆறு லட்சத்து எண்பதாயிரம். அவ்வளவும் கொடுத்து நான் வாங்கியிருப்பது சில்லுப் பூட்டிய ஒரு தகர அடுப்பு.

ஆத்திரம் அடங்க முன்னமே எழுதுகிறேன். அடங்கினால் "போனது போகட்டும்" என்று வீட்டில் எல்லோரும் சேர்ந்து என் வாயை மூடிவிடுவார்கள். இடத்தின் பெயரை இப்போதைக்குப் போடவில்லை. இணையத்தில் படம் போட்டு ஓர்டர் எடுக்கிற, வாகனங்களுக்குப் பொடி (body, மேல்கூடு) கட்டுகிற ஒரு வேர்க்ஷொப் என்பது மட்டும் போதும். பால் மாடு வைத்திருக்கிற ஆட்களைத் தேடித்தேடிப் பிடிக்கிறார்கள். மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் இதைப் பார்க்கிறவர்கள் தெரிந்தவர்களுக்கு அனுப்புங்கள். ஜன்னல், காற்றோட்டம் விஷயத்தில் என்னென்ன பார்த்து வாங்க வேண்டும் என்பதையும் கடைசியில் விவரமாகச் சொல்கிறேன்.

நாங்கள் இருப்பது வவுணதீவுப் பக்கம். நாட்டு மாடுகளோடு இரண்டு நல்ல இன நாகுகளையும் (இன்னும் கன்று போடாத இளம் பசுக்கள்) வாங்கிச் சேர்க்கலாம் என்று நானும் தம்பியும் முடிவெடுத்தோம். வெலிமடையில் சினைப்பட்ட, பிரீசியன் என்கிற குளிர் நாட்டுப் பால் மாட்டினக் கலப்பு நாகுகள் இரண்டு பேசி முடிந்தது. ஹயர் லொறிக்காரர்கள் மாடு ஏற்றுகிற விதம் எல்லோருக்கும் தெரியும். திறந்த லொறியில், கொம்போடு கொம்பு இடிபட, உச்சி வெயிலில். சினை மாட்டை அப்படிக் கொண்டுவர எனக்கு மனம் வரவில்லை. சொந்தமாக ஒரு ட்ரெய்லர் இருந்தால் தம்பியின் கெப் வாகனத்தில் பூட்டி இழுக்கலாம், அக்கம்பக்கத்து ஆட்களுக்கும் ஹயருக்கு விடலாம் என்பதுதான் யோசனை. காப்பு இரண்டும் அடகுக்குப் போனது அதற்காகத்தான்.

விளம்பரத்தில் இருந்தது வெளிநாட்டுக் குதிரை ட்ரெய்லர் ஒன்றின் படம். வெள்ளை நிறம். இரண்டு பக்கமும் தலை உயரத்தில் திறக்கிற ஜன்னல், அதற்கு உட்பக்கம் கம்பி, கூரையில் தூக்கித் திறக்கிற காற்று மூடிகள். "இதே வசதிகளோடு மாட்டுக்கும் செய்து தரப்படும்" என்று கீழே எழுதியிருந்தார்கள். அந்த நாடுகளில் இதை அழகுக்குப் பூட்டுவதில்லை. குதிரை மூக்கால் மட்டும்தான் மூச்சு விடும், வாயால் விட அதற்கு முடியாது. பெட்டிக்குள் சூடும் தூசியும் அமோனியா நாற்றமும் அடைபட்டால் முதலில் அடிபடுவது நெஞ்சுதான். மாடு வாயாலும் மூச்சு விடும். ஆனால் ஒரு மாடு நாக்கைத் தொங்கப்போட்டு வாயால் இழுக்கிறது என்றால் நிலைமை கைமீறிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். இது பிறகு என் கண்ணாலேயே பார்த்தது.

வேர்க்ஷொப்புக்குப் போனோம். அங்கே ஒரு மாதிரிப் பெட்டி நின்றது. அதை நான் திறந்து பார்த்தேன், கை வைத்துப் பார்த்தேன். ஜன்னல் வழுக்கிக்கொண்டு போனது. கூரை மூடியைத் தூக்கினால் வானம் தெரிந்தது. முதலாளி எங்களை இருக்கவைத்து, பிளேன்டீ தந்து, சோக்கட்டியால் நிலத்திலேயே கீறிக் காட்டினார். இந்தப் பக்கம் இரண்டு ஜன்னல், அந்தப் பக்கம் இரண்டு, கூரையில் இரண்டு மூடி, மூத்திரம் வடிய பின்பக்கம் சரிவு.

"தங்கச்சி, எங்கட வீட்டயும் மாடு கிடக்கு. வாயில்லாச் சீவன் விசயத்தில நான் களவு செய்ய மாட்டன். நீங்க ஒண்டுக்கும் யோசிக்காதீங்க."

இந்த வார்த்தைக்குத்தான் நான் காசை எடுத்து வைத்தேன். அந்த மனிசன் விலையைப் பற்றிப் பேசவே இல்லை, மாட்டைப் பற்றித்தான் பேசினார். கன்றுத்தாச்சிக்கு எவ்வளவு இடம் விட வேண்டும், கால் வழுக்காமல் தரையில் என்ன போட வேண்டும் என்றெல்லாம் அவரே கேட்டார், அவரே சொன்னார். மாடு தெரிந்த ஒருவர் பேசுகிற பேச்சு அது. 300,000 அட்வான்ஸ் கொடுத்தேன். பில்லில் எழுதியது "மாட்டு ட்ரெய்லர் - 1". அவ்வளவுதான். "எல்லாம் என்ட தலைக்குள்ள கிடக்கு தங்கச்சி, எழுதத் தேவல்ல" என்றார்.

பெட்டி வந்தது நன்றாக இருட்டின பிறகு. மீதி 380,000 ரூபாயையும் கொடுத்தால்தான் இறக்குவேன் என்று கொண்டுவந்த பொடியன் நின்றான். டோர்ச் வெளிச்சத்தில் பார்த்தோம். வெள்ளைப் பெயின்ட் பளபளத்தது. ஜன்னல் நாலும் இருந்தன. கூரையில் மூடி இரண்டும் இருந்தன. உள்ளே சீலிங்கில் அதற்கு நேரே பிளாஸ்டிக் கிறிலும் இருந்தது.

மிருக வைத்தியரின் சான்றிதழ், மாடு கொண்டுவரும் அனுமதி எல்லாம் முறையாக எடுத்துக்கொண்டுதான் வெலிமடையில் இருந்து நாகுகளை ஏற்றினோம். பதுளை, லுணுகலை தாண்டும்வரை மலைக் குளிர், மாடுகள் அமைதியாக நின்றன. பிபிலைக்கு இறங்கி மகா ஓயா வரும்போது நடுப்பகல். கச்சான் என்கிற சூட்டுக் காற்று அடிக்கிற காலத்தில் அந்தப் பாதை எப்படி இருக்கும் என்று எங்கட ஆட்களுக்குச் சொல்லத் தேவையில்லை. தண்ணீர் வைப்பதற்காக நிறுத்திப் பின்கதவைத் திறந்தோம். வந்த சூடு முகத்தில் அறைந்தது. கண் எரிந்தது, மூத்திர நாற்றம் மூச்சை அடைத்தது. ஒரு நாகு வாய் திறந்து, எச்சில் நூலாக வடிய, நாக்கு வெளியே தொங்க நின்றது. மற்றது படுத்துவிட்டது. எழுப்ப எழுப்ப எழும்பவில்லை.

இடது பக்க ஜன்னல்களைத் திறக்க தம்பி பாய்ந்து போனான். திறக்கவில்லை. இறுக்கம் என்று நினைத்து இழுத்தால் கண்ணாடி வளைந்தது. கண்ணாடியே இல்லை, பேர்ஸ்பெக்ஸ் துண்டு, கண்ணாடி மாதிரி இருக்கிற பிளாஸ்டிக். பிரேமைத் தகரத்தின் மேல் வைத்து ரிவிட் அடித்திருக்கிறார்கள். ஜன்னல் மாதிரி, ஆனால் ஜன்னல் இல்லை. வலது பக்கம் இரண்டும்தான் நிஜமாகத் திறக்கும். ஒரு பக்கம் மட்டும் திறந்தால் காற்று எங்கே குறுக்கே ஓடும்?

ஒருமாதிரி வீடு வந்து சேர்ந்து, வாசலில் பந்தலுக்குக் கீழே வைத்துத் தண்ணீர் ஊற்றிக்கொண்டே மிருக வைத்தியரை அழைத்தோம். படுத்த நாகுவுக்கு உடம்புச் சூடு 41 பாகைக்கு மேலே. சாதாரணமாக 38.5 பக்கம்தான் இருக்க வேண்டும். அவர் ராத்திரி வரைக்கும் நின்று பார்த்தார், கடவுள் புண்ணியத்தில் மாடு பிழைத்தது. கன்று தங்கவில்லை. கலைந்துவிட்டது. குளிர் நாட்டு மாட்டு இரத்தம், அதிலும் சினை, இவ்வளவு சூட்டைத் தாங்காது என்றார் வைத்தியர். மாதவனை மேய்ச்சல் தரைப் பக்கம் வெயிலில் மேய்கிற நாட்டு மாட்டுக்கு இருக்கிற தாங்கும் சக்தி இதுகளுக்கு இல்லை. ஒரு பெரிய பால் மாடு சும்மா நிற்கும்போதே ஒரு கிலோவாட்டுக்கு மேல் சூட்டை வெளியே விடும். ஓடும்போது எந்தப் பெட்டிக்குள்ளும் ஏதோ கொஞ்சம் காற்று புகும். வண்டி நின்றதும் அதுவும் நின்றுவிடும். அப்போது சூடு மேலே போக வழி வேண்டும், அதற்குத்தான் கூரை மூடி.

அடுத்த நாள் காலையில் தம்பி ஏணி வைத்து ஏறி, கூரை மூடிகளைக் கழற்றினான். மூடிக்குக் கீழே முழுத் தகரம். ஓட்டையே வெட்டவில்லை! வெளியே மூடி, உள்ளே கிறில், நடுவில் ஒரு விரல் போக வழி இல்லாத தகரம். இது வேலை தெரியாமல் செய்தது இல்லை. உள்ளே இருந்து பார்த்தாலும் வெளியே இருந்து பார்த்தாலும் பிடிபடாத மாதிரி யோசித்துச் செய்த வேலை.

உடனே கோல் பண்ணினேன். "புதுசுதானே அக்கா, கொஞ்சம் ஒயில் போடுங்க, திறபடும்" என்றான் பொடியன். ரிவிட் அடித்ததற்கு எங்கே ஒயில் போட? பிறகு எடுத்தால் முதலாளி கொழும்பில். பிறகு முதலாளி மையத்து வீட்டில். பிறகு "அடுத்த கிழமை ஆள் வரும்". அந்த அடுத்த கிழமை வரவே இல்லை. ஒருமாதிரி முதலாளியே ஒருநாள் எடுத்தார். எடுத்து என்ன சொன்னார் தெரியுமா? "தங்கச்சி, படத்தில கிடக்கிறது குதிரைக்கு. நீங்க கேட்டது மாட்டுக்கு. மாட்டுக்கு இவ்வளவு காணும்." கூரையைக் கேட்டேன். "மழைத்தண்ணி உள்ளுக்க வரும் எண்டுதான் வெட்டல்ல, உங்கட நன்மைக்குத்தான்." கன்று போனதைச் சொன்னேன். "அது மாட்டுட பலவீனம்." வீட்டில் மாடு இருக்கிறது என்று சொன்ன அதே வாய்!

கடைசியாக வந்த பதில், பெட்டியை நாங்களே இழுத்துக்கொண்டு போனால், இன்னும் 60,000 கொடுத்தால் வெட்டித் தருவார்களாம். 680,000 வாங்கிக்கொண்டு, ஓட்டைக்குத் தனிக் காசு! விளம்பரத்துக்குக் கீழே நடந்ததை எழுதினேன், அழித்துவிட்டார்கள். இப்போது என் நம்பரும் அவர்களிடம் தடை. அதே குதிரைப் படம் இன்றைக்கும் ஓடிக்கொண்டிருக்கிறது.

விவரமாக எழுதுகிறேன் என்று சொன்னேன். இப்போது இருக்கிற மனநிலையில் முடிந்தது இவ்வளவுதான்.

இருட்டில் பெட்டியைப் பொறுப்பெடுக்காதீர்கள். பகலில், ஆள் உள்ளே போய், கதவைச் சாத்திவிட்டு நிமிர்ந்து பாருங்கள். மூடியைத் திறந்தால் வானம் தெரிய வேண்டும். ஒவ்வொரு ஜன்னலையும் உங்கள் கையால் திறந்து மூடுங்கள், இரண்டு பக்கமும். ஜன்னலுக்கு உள்ளே கம்பி இல்லாவிட்டால் வாங்காதீர்கள், ஓடும்போது மாடு தலையை வெளியே போட்டால் முடிந்தது. பேர்ஸ்பெக்ஸ் வேண்டாம், அடிபட்டால் உடையாத கண்ணாடி கேளுங்கள். கூரைத் தகரத்துக்குக் கீழே சூடு தடுக்கிற தட்டு இருக்கிறதா என்று தட்டிப் பாருங்கள். ஜன்னல் எத்தனை, எந்தப் பக்கம், திறக்குமா, கூரையில் எத்தனை துவாரம், எல்லாம் பில்லில் எழுத்தில் வர வேண்டும். "தலைக்குள்ள கிடக்கு" என்கிறவனிடம் ஒரு சதமும் கொடுக்காதீர்கள். மீதிக் காசு பார்த்த பிறகுதான்.

இன்னொன்று, இதை யாரும் முன்னால் எனக்குச் சொல்லவில்லை. நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு முறைப்பாடு கொடுப்பதென்றால் 2003ஆம் ஆண்டுச் சட்டப்படி பொருள் வாங்கி 3 மாதத்துக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும். அவர்களின் இலக்கம் 1977. "அடுத்த கிழமை, அடுத்த கிழமை" என்று இழுப்பது எதற்காக என்று இப்போது விளங்குகிறதா?

எனக்கு அந்த 3 மாதத் தவணை இன்னும் முடியவில்லை. பில், கழற்றிய மூடியின் படங்கள், வைத்தியர் எழுதித் தந்தது, பொடியன் அனுப்பிய குரல் பதிவு எல்லாம் சேர்த்து முறைப்பாட்டுக் கடிதம் எழுதிக்கொண்டிருக்கிறேன். இதே மாதிரிப் பெட்டி வாங்கியவர்கள் ஏறாவூர், கிரான், அக்கரைப்பற்று, திருக்கோவில், எங்கே இருந்தாலும் இன்றைக்கே ஏணி வைத்துக் கூரை மூடியைக் கழற்றிப் பாருங்கள். கீழே தகரம் இருந்தால் படம் எடுத்து எனக்கு இன்பொக்சில் அனுப்புங்கள். கடிதத்தில் உங்கள் கையெழுத்தையும் சேர்த்துக் கொடுக்கிறேன்.