கவனாவுக்கு எதிராக ஒருவர், ஆதரவாக ஒருவர்: கட்சி மீறிய இரு வாக்குகள்

2018 அக்டோபர் 6. குடியரசுக் கட்சி அதிபர் டிரம்ப் முன்மொழிந்த பிரெட் கவனாவை அமெரிக்க உச்ச நீதிமன்ற நீதிபதியாக உறுதிசெய்ய செனட் (நாடாளுமன்ற மேலவை) வாக்களித்தது: 50க்கு 48. இத்தகைய நியமனங்களில் விவாதத்தை முடிக்க 60 வாக்கு வேண்டும் என்ற நிபந்தனை 2017-இல் நீக்கப்பட்டதால் சாதாரணப் பெரும்பான்மையே போதும். ஒவ்வொரு வாக்கும் கனமாகிவிட்டது.

ஜனநாயகக் கட்சியில் ஆதரித்தவர் ஜோ மன்சின் மட்டுமே. அடுத்த மாதமே தேர்தல். 2016-இல் டிரம்ப்பை அள்ளித் தூக்கிய மேற்கு வர்ஜீனியா அவர் மாநிலம். வாக்கெடுப்புக்கு முந்தைய நாள், குடியரசுக் கட்சி உறுப்பினர் சூசன் காலின்ஸ் ஆதரவை அறிவித்த பிறகுதான் இவர் தம் முடிவைச் சொன்னார். நவம்பரில் வென்றார்.

குடியரசுக் கட்சியின் லிசா முர்கோவ்ஸ்கி வேறு ரகம். காலின்ஸ் வாய் திறக்கும் முன்பே, விவாதத்தை முடிக்கும் வாக்கெடுப்பில் தம் கட்சியில் தனியாளாக 'இல்லை' என்றார். இறுதி நாளில், கவனாவை ஆதரித்த சக கட்சி உறுப்பினர் ஸ்டீவ் டெய்ன்ஸ் தம் மகள் திருமணத்துக்காக மொன்டானாவில் இருந்தார். அவருக்காக முர்கோவ்ஸ்கி ஜோடி ஒப்பந்தம் (வராதவரின் வாக்குக்கு ஈடாக எதிர்த்தரப்பில் ஒருவர் தம் வாக்கை விட்டுக்கொடுப்பது) செய்துகொண்டார்: எதிர்ப்பைச் சொல்லிவிட்டு, 'அவையில் உள்ளேன்' என்று மட்டும் பதிவு. கணக்கைப் பாருங்கள். டெய்ன்ஸ் வந்திருந்தால் 51-49; ஜோடியால் 50-48. இடைவெளி அதே இரண்டு. ஜோடி இல்லாவிட்டால் 50-49. அப்போதும் கவனா தேறியிருப்பார்.

துணிச்சல் எனக்கு முர்கோவ்ஸ்கியிடம்தான் தெரிகிறது. ஆனால் ஒன்று: அப்போது அவருக்கு அடுத்த தேர்தல் 2022-இல்தான் இருந்தது. மேலும் 2010-இல் கட்சியின் உள்தேர்தலில் தோற்றும், வாக்காளர்கள் தம் பெயரைச் சீட்டில் கையால் எழுதியே ஜெயித்தவர். கட்சிக்கு அவர் பட்ட கடன் குறைவு.