ஹாஸ்டல் ரசீதில் யார் பெயர் இருக்கிறது என்று பார்த்தீர்களா?

அட்மிஷன் நேரம் நெருங்குகிறது, அதனால் இதை இப்போதே எழுதிவிடுகிறேன். சென்னையைச் சுற்றியுள்ள நிகர்நிலைப் பல்கலைக்கழகம் ஒன்றில் 2024ல் எம்.எஸ்சி. சேர்ந்து, வளாகத்துக்குள்ளேயே இருக்கிற பெண்கள் ஹாஸ்டலுக்கு 2,13,800 ரூபாய் கட்டி, பணம் கட்டிய அறையில் ஒரு ராத்திரிகூடப் படுக்காமல் டிசம்பரில் பெட்டியைக் கட்டிக்கொண்டு வெளியே வந்தவள் நான். பெயரைச் சொல்லப் போவதில்லை. நான் பேசிப் பார்த்த அளவில் இதே வேலை வேறு வளாகங்களிலும் நடக்கிறது, பெயரைச் சொன்னால் "அது அந்தக் காலேஜ்தானே" என்று மற்றவர்கள் நிம்மதியாகிவிடுவார்கள்.

ஜூலை 24ஆம் தேதி அப்பாவும் நானும் ஒட்டன்சத்திரத்திலிருந்து ராத்திரி பஸ் ஏறிப் போய்ச் சேர்ந்தோம். அப்பா காய்கறி மார்க்கெட்டில் ஒரு கமிஷன் கடையில் கணக்கு எழுதுகிறவர். படிப்புக்கான ஃபீஸ் கட்டி முடித்ததும் பக்கத்து மேஜைக்கு அனுப்பினார்கள். அங்கே ஒரு அக்கா எங்களை மாடல் ரூமுக்குக் கூட்டிப்போனார். ரெண்டு பேர் ஷேரிங், ஏசி, உள்ளேயே பாத்ரூம், மேஜை விளக்கு, ஜன்னலுக்கு வெளியே வேப்பமரம். எனக்கு அந்த வேப்பமரத்திலேயே மனசு விழுந்துவிட்டது. "இன்னும் ஆறு பெட்தான் இருக்கு சார், இன்னிக்கே கட்டலைன்னா நாலு பேர் ஷேரிங்தான் கிடைக்கும்" என்றார். அறைக்கு 1,15,000, மெஸ்ஸுக்கு 70,000, அறைக்கட்டணத்தின் மேல் ஜிஎஸ்டி 13,800, காலி செய்யும்போது திருப்பித் தர வேண்டிய காஷன் டெபாசிட் 15,000. அப்பா கார்டைத் தேய்த்தார். எந்த பிளாக், எத்தனாம் நம்பர் அறை என்று ரசீதில் எதுவும் இல்லை. "டைப்: டூ ஷேரிங் ஏசி" என்று மட்டும் இருந்தது, அதையும் நான் வீட்டுக்கு வந்த பிறகுதான் கவனித்தேன்.

ஆகஸ்டில் பெட்டி, வாளி, மெத்தை சகிதம் போய் இறங்கினால், ஏசி பிளாக்கில் லிஃப்ட் வேலை முடியவில்லையாம், இரண்டு வாரம் பொறுத்துக்கொள்ளச் சொன்னார் வார்டன். கொடுத்தது பழைய பிளாக்கில் தரைத்தளம். நாலு பேர், இரண்டு அடுக்குக் கட்டில், ஒரே ஒரு ஃபேன், பாத்ரூம் வராந்தாவின் கடைசியில். தண்ணீர் காலை ஐந்தரையிலிருந்து ஏழரை வரை, லாரி வரவில்லையென்றால் அதுவும் இல்லை. சாவி கொடுக்கும்போது ஒரு நோட்டில் கையெழுத்து வாங்கினார்கள். பின்னால் முப்பது பேர் வரிசையில் நிற்கும்போது யார் படித்துப் பார்ப்பார்கள்? ஒவ்வொரு பக்கத்தின் தலைப்பிலும் பொடி எழுத்தில் "ஒதுக்கப்பட்ட அறையைப் பார்வையிட்டு, திருப்தியுடன் ஏற்றுக்கொண்டேன்" என்று ஆங்கிலத்தில் அச்சடித்திருந்தது. அந்த ஒரு வரிதான் பிறகு எல்லா இடத்திலும் என் முகத்துக்கு நேராக நீட்டப்பட்டது.

இரண்டு வாரம் நாலு வாரம் ஆனது, பிறகு ஆயுத பூஜைக்குப் பிறகு என்றார்கள், பிறகு தீபாவளிக்குப் பிறகு. லிஃப்ட் செப்டம்பரிலேயே ஓட ஆரம்பித்துவிட்டது, மேலே அறைகளில் ஆட்களும் இருந்தார்கள் (இரண்டாம் ஆண்டு மாணவிகள், அவர்களையும் ஏதோ கணக்கில் அங்கே மாற்றியிருந்தார்கள், அவர்கள்மேல் எனக்குக் கோபம் இல்லை). அக்டோபரில் மழை பிடித்துக்கொண்டதும் தரைத்தள அறை தன் குணத்தைக் காட்டியது. சுவரில் ஈரம் இடுப்பு உயரத்துக்கு ஏறி, பீரோவுக்குள் மடித்து வைத்த சுடிதாரில் பூஞ்சை பூத்து, துவைத்த துணி மூன்று நாளானாலும் காயாமல் ஒரு வாடை, அதோடு மூட்டைப்பூச்சி. மெஸ் சாப்பாட்டைப் பற்றி எழுதினால் இது முடியாது, அதனால் விட்டுவிடுகிறேன், ஞாயிற்றுக்கிழமை பிரியாணி மட்டும் பரவாயில்லை.

நாலு பேர் ஷேரிங், ஏசி இல்லாத அறைக்கு அவர்களே போட்டிருந்த கட்டணம் 48,000. அதாவது 67,000 ரூபாய் அதிகமாகக் கட்டிவிட்டு, 48,000 ரூபாய் கட்டியவர்களோடு அதே அறையில் இருந்தேன். என் ரூம்மேட்டுகளில் ஒருத்தி இதைக் கேட்டுவிட்டு, "அப்ப எனக்குத்தான் லாபம்" என்று சிரித்தாள். நானும் சிரித்தேன், வேறு என்ன செய்வது.

வித்தியாசத்தையாவது திருப்பிக் கொடுங்கள் என்று எழுதிக் கொடுத்தேன். வார்டன் ஹாஸ்டல் ஆபீஸுக்கு அனுப்பினார், ஹாஸ்டல் ஆபீஸ் அக்கவுண்ட்ஸுக்கு அனுப்பியது, அக்கவுண்ட்ஸில் "மேடம் லீவு". நவம்பர் முழுக்க இப்படிப் போனது. செமஸ்டர் முடிந்ததும் மூன்று பேர் சேர்ந்து வெளியே வீடு பார்த்துக்கொண்டு காலி செய்தோம். அப்போது காஷன் டெபாசிட்டில் பெயிண்ட் அடிக்க 3,000, மெத்தை சேதம் 4,500, சுத்தம் செய்ய 1,500, ஐடி கார்டு தாமத அபராதம் 500 என்று கழித்துக்கொண்டு 5,500 ரூபாய் அனுப்பினார்கள். மெத்தை நான் வீட்டிலிருந்து கொண்டுபோனது! அதைத் தலையில் சுமந்துகொண்டு கேட்டைத் தாண்டியதை அந்த வாட்ச்மேன் அண்ணனே பார்த்தார்.

அன்றைக்குத்தான் அப்பா ரசீதை வெளியே எடுத்தார். கடையில் எந்தச் சீட்டு வந்தாலும் முதலில் தலைப்பைப் பார்ப்பது அவர் பழக்கம், ஆனால் காலேஜ் என்றதும் அந்தப் பழக்கத்தை விட்டுவிட்டேன் என்று இன்றைக்கும் சொல்லி வருத்தப்படுவார். "பாப்பா, இது யூனிவர்சிட்டி பேரே இல்லையே" என்றார். ஆமாம். ஃபீஸ் ரசீது பல்கலைக்கழகத்தின் பெயரில். ஹாஸ்டல் ரசீது ஏதோ ஒரு பிரைவேட் லிமிடெட் பெயரில், லோகோவின் நிறம் மட்டும் ஒன்று. வளாகம் ஒன்று, மேஜை பக்கத்து மேஜை, கம்பெனி வேறு.

இதை ஏன் இவ்வளவு இழுத்துச் சொல்கிறேன் என்றால், எங்களுக்குச் சுற்றிச் சுற்றி வந்த பதில் எல்லாம் இதற்குள் இருந்தது. மாணவர் குறைதீர் குழுவுக்கு எழுதினேன்: ஹாஸ்டல் தனி நிறுவனம் நடத்துவது, எங்களுக்குச் சம்பந்தமில்லை. காஷன் டெபாசிட்டை முழுசாகத் திருப்பித் தர வேண்டும் என்று யுஜிசியின் (பல்கலைக்கழக மானியக் குழு) 2018 அறிவிப்பு சொல்கிறதே என்றேன்: அது படிப்பிலிருந்து விலகுகிறவர்களுக்கு, அதுவும் பல்கலைக்கழகத்துக்குக் கட்டிய பணத்துக்கு. யுஜிசியின் இ-சமாதான் தளத்தில் புகார் போட்டேன்: அது சுற்றிக்கொண்டு மறுபடி பல்கலைக்கழகத்துக்கே வந்து, அதே பதிலோடு மூடப்பட்டது. கம்பெனியிடம் கேட்டால், ஒரு வருட ஒப்பந்தம், நடுவில் போனால் பணம் கிடையாது, அறையைத் திருப்தியுடன் ஏற்றுக்கொண்டதாக நீங்களே கையெழுத்துப் போட்டிருக்கிறீர்கள்.

திண்டுக்கல்லில் அப்பாவுக்குத் தெரிந்த வக்கீல் ஒருவர் ரசீதைப் பார்த்துவிட்டுச் சிரித்தார். கல்வி நிறுவனங்களின் சேவை நுகர்வோர் சட்டத்துக்குள் வராது என்று தேசிய நுகர்வோர் ஆணையம் 2020ல் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது, காலேஜ் பெயரில் ரசீது இருந்திருந்தால் முதலில் அதைத்தான் தூக்கிக்கொண்டு வருவார்கள். "நாங்க காலேஜ் இல்லை, தனிக் கம்பெனி" என்று இவர்களே எழுதிக் கொடுத்துவிட்டார்களே, அப்புறம் லாட்ஜுக்கும் இவர்களுக்கும் என்ன வித்தியாசம் என்றார். ஜிஎஸ்டியையும் அவர்தான் காட்டினார். காலேஜே தன் மாணவர்களுக்கு ஹாஸ்டல் நடத்தினால் வரி கிடையாது. வெளியார் நடத்தினாலும், மாதம் ஒருவருக்கு 20,000 ரூபாய்க்குள் வாடகை, தொடர்ந்து 90 நாளாவது தங்குவது என்றால் 2024 ஜூலை 15லிருந்து விலக்கு உண்டு. நாங்கள் கட்டியது ஜூலை 24. பத்து மாதத்துக்கு 1,15,000 என்றால் மாதம் பதினோராயிரத்துச் சொச்சம்தான் வருகிறது. அந்த 13,800 எந்தக் கணக்கில் வாங்கினார்கள் என்று எழுதிக் கேட்டோம், அதற்கு மட்டும் கடைசிவரை பதிலே இல்லை.

கம்பெனிக்கு வக்கீல் நோட்டீஸ் அனுப்பினோம், அதற்கும் அவர்கள் அசையவில்லை. பிறகு நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போட்டோம். இது நிறையப் பேருக்குத் தெரியவில்லை, எனக்கும் தெரியாது: 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கிற மாவட்டத்திலேயே போடலாம், சென்னைக்கு அலைய வேண்டாம், கட்டிய தொகை ஐந்து லட்சத்துக்குள் என்றால் வழக்குக் கட்டணம் கிடையாது, இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். வக்கீல் இல்லாமல் நாமே வாதாடலாம். அதற்கும் முன்னால் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915க்கு போன் செய்து புகாரைப் பதிந்து வைத்தால் கையில் ஒரு நம்பராவது இருக்கும். ஆனால் பேப்பர் வேண்டும். என்னிடம் இருந்தது ரசீது, வார்டனுக்கு அனுப்பிய வாட்ஸ்அப், மாடல் ரூமில் நான் எடுத்த செல்ஃபி, பூஞ்சைச் சுவரின் போட்டோ, இவ்வளவுதான். நோட்டில் போட்ட கையெழுத்துக்குப் பக்கத்தில் "தற்காலிகமாக, இரண்டு வாரம்" என்று பேனாவால் நானே எழுதியிருந்தால் பாதிச் சண்டை அங்கேயே முடிந்திருக்கும். இந்த வருடம் ஹாஸ்டல் போகிற சித்தி பெண்ணிடம் இதைத்தான் சொல்லி அனுப்பினேன்: அறை நம்பர் எழுதாத ரசீதுக்குப் பணம் கட்டாதே, வரிசையில் பின்னால் நிற்பவர்கள் திட்டினாலும் பரவாயில்லை, நோட்டைப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடு, பெட்டியைப் பிரிப்பதற்கு முன்னால் சுவர், கட்டில், குழாய் எல்லாவற்றையும் வீடியோ எடுத்து வை.

முதல் வாய்தாவுக்கு இரண்டு நாள் இருக்கும்போது சமாதானம் பேச ஆள் வந்தார். அறுபதாயிரத்தில் முடித்துக்கொள்ளலாம் என்றார். எனக்கு இஷ்டமே இல்லை, வித்தியாசம் 67,000, டெபாசிட்டில் பிடித்தது 9,500, ஜிஎஸ்டி வேறு. அப்பாதான், "வாய்தா வாய்தாவா உன் படிப்பு போயிரும் அம்மாடி, வர்றதை வாங்கு" என்றார். இன்னும் எனக்கு அதில் மனத்தாங்கல் உண்டு, ஆனால் லீவு போட்டுப் போட்டு அலைந்தவர் அவர்தான்.

ஒப்பந்தத்தை டைப் செய்து கொண்டுவந்திருந்தார்கள், நாலு பக்கம். அப்பா கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒவ்வொரு வரியாகப் படித்தார், வந்தவர் மூன்று தடவை கடிகாரத்தைப் பார்த்தார். மூன்றாவது பக்கத்தில், இதைப் பற்றி வெளியில் எங்கேயும் பேசவோ எழுதவோ கூடாது என்று ஒரு வரி. அப்பா அதைச் சிவப்பு மையால் அடித்து, அடித்த இடத்தில் இரண்டு பக்கமும் இனிஷியல் போட்டு, அவர்களையும் போட வைத்துவிட்டுத்தான் கடைசிப் பக்கத்துக்குப் போனார்.