லிண்டிஸ்ஃபார்ன் நற்செய்தி நூலா, அமியாட்டினஸ் விவிலியமா?

இரண்டுமே 8-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தை ஒட்டி வட இங்கிலாந்து மடங்களில் கன்றுத்தோலில் எழுதப்பட்ட லத்தீன் பிரதிகள். லிண்டிஸ்ஃபார்னில் இயேசுவின் வாழ்க்கையைச் சொல்லும் நான்கு நற்செய்திகள் மட்டும். ஈட்ஃப்ரித் என்ற துறவி எழுதியதாகச் சொல்கிறார்கள், பின்னல் கோலங்களும் பறவைகளும் சில பக்கங்களை முழுசாக நிறைத்திருக்கும், அப்புறம் 10-ஆம் நூற்றாண்டில் ஆல்ட்ரெட் என்ற பாதிரியார் வரிகளுக்கு நடுவே பழைய ஆங்கிலத்தில் பொருள் எழுதி வைத்தார். அமியாட்டினஸோ முழு விவிலியம், ஆயிரத்துக்கும் மேற்பட்ட தாள்கள், எடை ஏறக்குறைய 34 கிலோ! மடாதிபதி செயோல்ஃப்ரித் எழுதுவித்த மூன்று பிரதிகளில் இரண்டு அவருடைய மடங்களுக்கு. இதை மட்டும் போப்பாண்டவருக்குக் கொடுக்க ரோம் கிளம்பியவர் 716-இல் வழியிலேயே இறந்துபோனார். அழகுக்கு லிண்டிஸ்ஃபார்ன், சரி. ஆனால் என் ஓட்டு அமியாட்டினஸுக்கே: வுல்காத்தா எனப்படும் லத்தீன் மொழிபெயர்ப்பு விவிலியம் முழுமையாகக் கிடைத்திருக்கும் மிகப் பழைய பிரதி அதுதான்.