480 டாலருக்கு வாங்கிய போலிப் பூட்டன்

என் மருமகன் ரொறன்ரோவில் பிறந்தவர். தகப்பன் வழியில் அயர்லாந்துக் கத்தோலிக்கர், தாய் வழியில் ஸ்கொட்லாந்துக்காரர். பேத்தியின் முதல் பிறந்தநாளுக்கு அந்தப் பக்கத்து வம்சாவளியைத் தேடிக் கொடுக்க ஆசைப்பட்டேன். என் சொந்தப் பூட்டனின் பெயரே எனக்குத் தெரியாது. அது வேறு விடயம். பரம்பரை ஆய்வாளர் என்று சொல்லிக்கொண்ட ஒருவர் 480 டாலரையும் முன்பணமாகவே கேட்டார். கொடுத்தேன்.

ஆறு வாரத்தில் தடித்த கோப்பு ஒன்று வந்தது. அயர்லாந்தின் மேயோ மாவட்டத்து 1841 குடிசன மதிப்பீட்டுப் பக்கம், 1838 இல் பிறந்ததாகச் சொல்லப்பட்ட பூட்டனுக்கு அரசாங்கப் பிறப்புச் சான்றிதழ், 1847 இல் கியூபெக் வந்த கப்பலின் பயணிகள் பட்டியல். கூடவே, தாய்வழிக் குடும்பச் சின்னம் என்று ஒரு மரக் கேடயம். பழுப்புத் தாளையும் சுருள் எழுத்தையும் பார்த்து மருமகன் கண் கலங்கினார். நானும்தான்.

நூலகத்தில் வேலை செய்யும் ஒரு பெண்மணியிடம் பெருமையாகக் காட்டினேன். முதல் தாளிலேயே நிறுத்திவிட்டார். "மேயோவுக்கு 1841 கணக்கா? அது எரிந்து நூறு வருடமாகிவிட்டதே!"

1922 ஜூன் 30 அன்று, அயர்லாந்தின் உள்நாட்டுப் போரில், டப்ளின் ஃபோர் கோர்ட்ஸ் நீதிமன்ற வளாகத்தில் பழைய ஆவணங்களை வைத்திருந்த பொதுப் பதிவகம் அழிந்தது. 1821 முதல் 1851 வரையிலான குடிசனக் கணக்கு ஏடுகளில் சில மாவட்டங்களின் துண்டு துணுக்குகளே மிஞ்சின. மேயோவின் 1841 ஏடுகள் அவற்றில் இல்லை. யாழ்ப்பாண நூலகம் எரிந்த ஊரில் பிறந்தவன் நான். எரிந்த ஏடு திரும்பி வராது என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. இருந்தும் ஏமாந்தேன்.

மற்றவையும் அதே கதைதான். அயர்லாந்தில் கத்தோலிக்கரின் பிறப்பை அரசு பதியத் தொடங்கியது 1864 இல். அதற்கு முன் கோயிலின் ஞானஸ்நானப் பதிவேடு மட்டுமே. கியூபெக் பயணிகள் பட்டியல்கள் 1865 இலிருந்துதான் ஒழுங்காகக் கிடைக்கின்றன. ஸ்கொட்லாந்துச் சட்டப்படி கேடயச் சின்னம் ஒரு தனி ஆளுக்கும் அவருடைய வாரிசுக்கும் உரியது. ஒரே குடும்பப் பெயர் கொண்ட எல்லோருக்கும் பொதுவானதல்ல. ஆவணம் இல்லாத இடமாகப் பார்த்துத்தான் அந்த மனிதர் ஆவணம் செய்திருக்கிறார். எந்தத் தாளிலும் காப்பகத்தின் பெயரோ ஏட்டு எண்ணோ கிடையாது. அதை முதலில் கேளுங்கள்.

காசு கொடுக்குமுன் இலவசமாகக் கிடைப்பதைப் பாருங்கள். அயர்லாந்தின் 1901, 1911 கணக்குகளும், 1847 முதல் 1864 வரை நடந்த, நிலமும் வீடும் வைத்திருந்தோரின் பெயர்களைத் தரும் கிரிஃபித் நில மதிப்பீடும், கத்தோலிக்கப் பங்குப் பதிவேடுகளும் (பங்கு என்பது ஒரு கோயிலின் எல்லைக்குட்பட்ட பகுதி) இணையத்தில் இருக்கின்றன. ஆனால் பங்கின் பெயர் தெரியாமல் அங்கே தேடுவது வைக்கோற்போரில் ஊசி தேடுவதுதான். அந்தப் பெயர் கனடாவிலேயே கல்லறைக் கல்லிலோ கோயில் திருமணப் பதிவிலோ அகப்படலாம்.

ஆய்வாளருக்கு எழுதினேன். மூலப்பிரதி தனியார் சேகரிப்பில் இருப்பதாக ஒரு பதில் வந்தது. பிறகு மௌனம். பணம் வரவில்லை.

உண்மையாக எங்களிடம் இருப்பது 1861 கனேடியக் கணக்கில் ஒரு வரி: பெயர், வயது, பிறந்த இடம் அயர்லாந்து. ஊர் இல்லை. கேடயம் இன்னும் மகள் வீட்டு வாசலில் தொங்குகிறது. கழற்றச் சொன்னால் மருமகன் சிரிக்கிறார். "பார்க்க அழகாகத்தானே இருக்கிறது, மாமா."