மைக்ரோ செல்லோடு நான்கு ஆண்டுகள்: ஒரு சொட்டு அமிலத்துக்குள் என்ன நடக்கிறது?

வினையூக்கியைப் பொடியாக்கி, நஃபியான் என்ற ஒட்டவைக்கும் பாலிமரைக் கலந்து மை போலக் கரைத்து, கிளாசி கார்பன் மின்முனை மேல் ஒரு சொட்டு விட்டுக் காயவைத்து அளப்பதைத்தான் மின்சாரத்தால் நடக்கும் வினைகளை வேகப்படுத்தும் மின்வினையூக்கிகளின் ஆய்வில் எல்லோரும் முதலில் பழகுவார்கள். நானும் அப்படித்தான் அமிலத்திலிருந்து ஹைட்ரஜனை வெளியேற்றும் மாலிப்டினம் டைசல்ஃபைடு என்ற அடுக்குப் படிகத்தை அளந்தேன். அதில் வரும் மின்னோட்டம் திருவிழாக் கூட்டத்தின் இரைச்சல் மாதிரி. சத்தம் கேட்கும், கத்தியது யார் என்று தெரியாது. ஹைட்ரஜனை வெளியேற்றுவது படிகத்தின் விளிம்பா, பரப்பா? விளிம்புதான் என்று தங்கத்தின் மேல் வளர்த்த நானோ துகள்களை வைத்து டென்மார்க்கில் 2007-லேயே காட்டிவிட்டார்கள். ஆனால் என் கையில் இருந்த பொடியிடம் அந்தக் கேள்வியைக் கேட்கவே வழியில்லை.

மைக்ரோ செல்லில், அதாவது ஒரே ஒரு படிகத் துண்டை மட்டும் அளக்கும் குட்டி மின்வேதிச் செல்லில், கேட்கலாம். டேப்பால் உரித்த ஒரு ஃபிளேக்கை (மெல்லிய படிகச் சில்லை) ஆக்சைடு பூசிய சிலிக்கான் துண்டில் ஒட்டி, எலக்ட்ரான் கற்றையால் நுண்வடிவம் வரையும் லித்தோகிராஃபியில் தங்க இணைப்பு வைத்து, எல்லாவற்றையும் பிஎம்எம்ஏ பாலிமரால் மூடி, நமக்கு வேண்டிய இடத்தில் மட்டும் ஒரு ஜன்னல் திறக்கிறோம். விளிம்பு வேண்டுமானால் விளிம்பில், வேண்டாமென்றால் நடுப்பரப்பில். மேலே ஒரு சொட்டு 0.5 மோலார் சல்ஃப்யூரிக் அமிலம், அதற்குள் குட்டி வெள்ளி-வெள்ளி குளோரைடு ஒப்பீட்டு மின்முனையும் துணை மின்முனையாக ஒரு கிராஃபைட் கம்பியும். அவ்வளவுதான் செல்.

சொல்ல எளிது. ஒரு சிப் உருப்படியாகத் தயாராக எனக்கு ஒரு வாரம் ஆகும், பாதி சிப்கள் அளப்பதற்கு முன்பே போய்விடும். ஒற்றை அடுக்கின் தடிமன் சுமார் 0.65 நானோமீட்டர். கரைப்பானில் கழுவும்போது மடிந்துகொண்டால் அன்றைய வேலை அத்தோடு முடிந்தது.

முதல் ஆண்டில் எனக்கு ஒரு அற்புதமான மின்னழுத்த-மின்னோட்ட வளைவு கிடைத்தது. நடுப்பரப்பு ஜன்னல், ஆனால் விளிம்பையே மிஞ்சும் மின்னோட்டம். இரண்டு நாள் தரையில் கால் படவில்லை. ஆய்வகத்தில் மூத்த அக்கா ஒருவர் படத்தைப் பார்த்துவிட்டு ஒன்றே ஒன்று கேட்டார்: “ஜன்னலே திறக்காத சிப்பை அளந்தியா?” அளக்கவில்லை. அளந்தேன். கிட்டத்தட்ட அதே மின்னோட்டம்! பிஎம்எம்ஏ-யில் இருந்த நுண்துளைகள் வழியாக அமிலம் தங்கத்தைத் தொட்டுக்கொண்டிருந்தது, நான் அளந்தது தங்கத்தை.

இந்தச் செல்லின் கஷ்டம் முழுக்க இந்தக் கணக்கில் இருக்கிறது. 100 சதுர மைக்ரோமீட்டர் ஜன்னல் என்றால் 10⁻⁶ சதுர சென்டிமீட்டர். எல்லோரும் ஒப்பிடும் சதுர சென்டிமீட்டருக்கு 10 மில்லி ஆம்பியர் என்ற அளவு, இங்கே வெறும் 10 நானோ ஆம்பியர். அந்த அளவில் சின்னக் கசிவும் பெரிய கண்டுபிடிப்பு போலத் தெரியும். வெளி மின் இரைச்சலைத் தடுக்கும் உலோகப் பெட்டியான ஃபாரடே கூண்டு இல்லாமல் அளந்தால் பக்கத்து அறை பம்ப்பும் வளைவில் கையெழுத்துப் போடும். நுண்ணோக்கி விளக்கையும் மறக்காதீர்கள்: இது குறைகடத்தி, ஒளி பட்டால் மின்னோட்டம் மாறும். ஒரு மாதத் தரவை இதனால் மட்டும் தூக்கிப் போட்டேன்.

துணை மின்முனையாகப் பிளாட்டினம் கம்பி மட்டும் வேண்டாம். அமிலத்தில் துளித்துளியாகக் கரைந்து ஃபிளேக் மேல் படியும், அப்புறம் எந்த மோசமான வினையூக்கியும் பிளாட்டினம் மாதிரியே வேலை செய்யும், ஏனென்றால் அது பிளாட்டினம்தான்.

இவ்வளவு தொல்லைக்குப் பிறகும் ஏன் விடவில்லை? ஒரே ஃபிளேக்கில் ஒற்றை அடுக்குப் பகுதியையும் தடித்த பகுதியையும் பக்கத்துப் பக்கத்தில் அளந்த நாளுக்காக. அடுக்கு ஒன்று கூடினால் செயல்திறன் சுமார் நான்கரை மடங்கு குறைகிறது என்று 2014-இல் வெளிவந்த ஆய்வைப் படித்திருந்தேன். எலக்ட்ரான் அடுக்கு தாண்டித் தாவுவது கடினம் என்பது காரணம். என் சிப்பில் எண் அச்சு அசலாக அதுவே வரவில்லை, ஆனால் தடித்த பகுதி சோர்ந்து போனதைக் கண்ணால் பார்த்தேன். பொடியில் இது தெரியவே தெரியாது.

நீண்டகால நிலைப்புத்தன்மைக்கு மட்டும் இதை நம்பாதீர்கள். சொட்டு ஆவியாகி அமிலத்தின் செறிவு ஏறுகிறது, ஹைட்ரஜன் குமிழி ஜன்னலை அடைக்கிறது. அதற்கு நான் இன்றும் பழைய பொடிக்கும் பெரிய செல்லுக்கும்தான் போகிறேன். மற்றபடி ஒவ்வொரு தொகுதியிலும் ஒரு சிப்பை ஜன்னல் திறக்காமலே ஒதுக்கி வைத்து, அதைத்தான் முதலில் அளக்கிறேன்.